பொருள் அறிந்து பாடட்டும் பிள்ளைகள்! – தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை

மாலை வேளையில் திருக்கோணமலை அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் நடந்து செல்பவருக்குச் சில வேளைகளில் ஓர் இனிய சத்தம் காதில் விழும். விறாந்தையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சுரவரிசை பாடுவார்கள். வரிசைகள் முடிந்ததும் கீதம் தொடங்கும். சுரம் பிசகாது, தாளமும் தப்பாது. ஆனால் பாட்டின் பொருள் என்ன என்று கேட்டுப்பாருங்கள், பிள்ளை விழிக்கும். பக்கத்தில் நிற்கும் தாயும் விழிப்பாள். பாட்டின் மொழி கன்னடமோ, தெலுங்கோ, வடமொழியோ என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

இது இன்று நேற்று வந்த குறை அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டு வருந்தினார் ஒரு பெரியவர். வருந்தியதோடு நின்றுவிடாமல், இசை பயிலத் தொடங்குபவர்களுக்கென்று தாய்மொழியிலேயே பாடங்களை இயற்றி அச்சிட்டும் கொடுத்தார். அவரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தமிழிசையின் பெரும் ஆராய்ச்சியாளர் என்று உலகம் அவரை அறியும். ஆனால் அவர் வாழ்வைத் தொடங்கியது பள்ளிக்கூட ஆசிரியராகவே. கடைசிவரை அவருக்குள் இருந்து வேலை செய்தவரும் அந்த ஆசிரியரே என்பதை, அவர்தம் வாழ்வைப் பார்க்கும் எவரும் உணர்வர்.

எளிய தொடக்கம்

தமிழ்நாட்டில் அக்காலத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த எளிய கிறிஸ்தவக் குடும்பம். குற்றாலச் சாரல் வீசும் அந்தப் பகுதியில் வளர்ந்த சிறுவனுக்கு எதையும் தொட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்துக் கற்கும் ஆசை இயல்பாகவே இருந்தது.

பின்னர் ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே கற்றார். அதனுடன் அக்காலத்தில் புதுமையாக இருந்த புகைப்படக் கலையையும், அச்சுத் தொழிலையும் ஓய்வு நேரங்களில் பழகிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் சங்கீதமும் பிடில் வாத்தியமும் பயின்றார். சங்கீதம் என்றால் குறிப்பிட்ட சில குடும்பங்களின் உரிமை என்று எண்ணப்பட்ட காலம் அது. ஓர் எளிய கிராமத்துக் கிறிஸ்தவ இளைஞன் பிடிலைக் கையில் எடுத்ததே அன்று ஒரு துணிச்சல்தான்.

ஒரு பக்கம் கரும்பலகை, மறுபக்கம் பிடில். இந்த இரண்டும் ஒரே மனிதனிடம் சேர்ந்ததுதான் பிற்காலத்துக்கு நன்மையாக முடிந்தது. வித்துவான்கள் பலர் நன்றாகப் பாடுவர். சிறு பிள்ளைக்குப் படிப்படியாகச் சொல்லித்தர அவர்களுக்கு வராது. ஆசிரியர்கள் பலர் நன்றாகச் சொல்லித்தருவர். இசை அவர்களுக்கு வராது. ஆபிரகாம் இரண்டையும் கற்றார்.

ஆசிரியராக இருந்து வைத்தியராக

சித்த மருத்துவத்தில் அவருக்கு இருந்த நாட்டம் அவரைச் சுருளி மலைக்கு இட்டுச் சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைச் சந்தித்து, மூலிகைகளின் குணங்களையும் மருந்து செய்யும் முறைகளையும் கற்றுக்கொண்டார். அந்தக் குருவை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. பிற்காலத்தில் தாம் அமைத்த தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும், தாம் எழுதிய நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயர் வைத்தார்.

1882-இல் ஆபிரகாமுக்கும் ஞானவடிவு பொன்னம்மாளுக்கும் திருமணம் நடந்தது. மனைவியும் ஆசிரியையே. அடுத்த ஆண்டில் இருவரும் தஞ்சாவூர் வந்து, அங்குள்ள சீமாட்டி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் பணியாற்றினர். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பவே தயங்கிய காலத்தில், கணவனும் மனைவியும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்தச் சிறுமிகளோடு உழைத்தார்கள்.

1890-ஆம் ஆண்டளவில் அவர் ஆசிரியப் பணியை விட்டு மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். அவருடைய மருந்துகள் தமிழ்நாடெங்கும், கடல் கடந்த நாடுகளிலும் பரவின. வருமானம் பெருகியது. தஞ்சைக்கு வெளியே பெருந்தோட்டம் அமைத்து, மூலிகைகளையும் புதுவகைப் பயிர்களையும் வளர்த்தார். அரசாங்கம் 1909-இல் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இந்த இடத்தில் பலருடைய வாழ்க்கைக் கதை முடிந்துவிடும். பணம் வந்தது, பட்டம் வந்தது, தோட்டமும் வீடும் வந்தன. இனி என்ன வேண்டும்? பண்டிதருக்கோ உண்மையான வேலை இனித்தான் இருந்தது. மருந்து விற்று வந்த பணத்தை அவர் சங்கீதத்துக்குச் செலவிட்டார்.

பிள்ளைக்குப் புரியாத பாட்டு

கர்நாடக சங்கீதத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒழுங்குமுறை மிகவும் அழகானது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் அதனை வகுத்தார் என்பது மரபு. முதலில் சரளி வரிசை; ஏழு சுரங்களையும் நேராக ஏறி இறங்குதல். அடுத்தது ஜண்டை வரிசை. ஒவ்வொரு சுரத்தையும் இரட்டையாக அழுத்திப் பாடுதல். பின்னர் தாட்டு வரிசை. சுரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடுதல். அதன்பின் ஏழு தாளங்களுக்கும் உரிய அலங்காரங்கள். இவை எல்லாவற்றையும் முதற் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்துப் பாடப் பிள்ளை பழகுகிறது.

இதற்கென்று தேர்ந்த இராகம் மாயாமாளவகௌளை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ச-ரி-க-ம என்ற கீழ்ப்பாதியில் சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளே ப-த-நி-ச என்ற மேற்பாதியிலும் வருகின்றன. கீழ்ப்பாதியைச் சரியாகப் பிடித்த பிள்ளைக்கு மேற்பாதி தானாகவே வந்துவிடும்.

வரிசைகளுக்கு மொழி கிடையாது. சுரங்களே அவற்றின் சொற்கள். ஆகவே அவற்றில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. கீதத்தில் முதன்முறையாகச் சுரத்தோடு சொல் சேர்கிறது. பெரும்பாலும் ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்று, சங்கதியோ நெளிவோ இல்லாமல் நேராக நடக்கும் பாட்டு கீதம். சின்னப் பிள்ளை வாழ்வில் முதன்முதல் கற்கும் முழுப் பாட்டு அதுதான். அந்தப் பாட்டு பிள்ளைக்குத் தெரியாத மொழியில் இருந்தால் என்ன ஆகும்? சொல்லும் வெறும் ஓசையாகிவிடுகிறது. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. எழுத்துகள் சிதைகின்றன. பாட்டு என்பது புரியாமல் ஒப்பிக்கும் ஒன்று என்ற எண்ணம் பிஞ்சு மனத்தில் பதிந்துவிடுகிறது.

அக்காலத்தில் கீதம், சுரஜதி, வர்ணம் என்று பயிற்சிக்குரிய பாடல்களில் மிகப் பெரும்பாலானவை தமிழல்லாத மொழிகளிலேயே இருந்தன. பண்டிதர் அந்த மொழிகளை வெறுத்தவர் அல்லர். அந்தப் பாடல்களைத் தாமும் கற்றவர்தான். ஆனால் தமிழ்ப் பிள்ளை தமிழில் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியராயிருந்த அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அரிச்சுவடியை அயல்மொழியில் தொடங்கும் பள்ளிக்கூடம் உண்டா?

ஆகவே தாமே எழுதத் தொடங்கினார். இராகத்தின் இலக்கணம் கெடாமல், தாளம் வழுவாமல், எளிய தமிழில் கீதங்களும், சுரஜதிகளும், கீர்த்தனைகளும் இயற்றினார். சுரக்குறிப்போடு அவற்றைத் தொகுத்து, கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907-இல் வெளியிட்டார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் உள்ளன. கடவுளைப் போற்றும் பாடல்களே அவற்றில் மிகுதி. ஒரு பாடசாலை ஆசிரியரின் கண்ணோடு தொகுத்த நூல் அது. குருவின் வாயிலிருந்து மட்டுமே கிடைத்துவந்த பாடம், தாளில் அச்சாகி, வாங்கக்கூடிய எவர் கைக்கும் சென்றது.

வீடே முதற் பள்ளிக்கூடம்

ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டில் செய்து காட்டியவர் பண்டிதர். பெண் பிள்ளைகள் உட்படத் தம் மக்களுக்கு இசை கற்பித்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் சபையில் பாடுவதை இழிவாகப் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்கு அஞ்சித் தம் பெண்களின் கையிலிருந்து வீணையை அவர் வாங்கி வைத்துவிடவில்லை.

அவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள்? இருபத்திரண்டு என்று பழைய வடமொழி நூல்கள் கூறின. ஆனால் வித்துவான்கள் பாடுவதைக் காதால் கேட்டு, வீணையின் மெட்டுகளை அளந்து, கணக்கும் போட்டுப் பார்த்த பண்டிதருக்கு அந்த எண்ணிக்கை பொருந்தவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆயப்பாலை, வட்டப்பாலை என்னும் பழைய முறைகளை ஆராய்ந்தார். சம அளவான பன்னிரண்டு சுரங்களும், அவற்றின் நுட்பமான பிரிவாக இருபத்துநான்கு சுருதிகளும் பழந்தமிழர் இசையில் இருந்தன என்ற முடிவுக்கு வந்தார்.

இதனைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வித்துவான்கள் முன் வைத்து வாதிக்க விரும்பினார். 1912-இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பை நிறுவி, தொடர்ந்து பல இசை மாநாடுகளைக் கூட்டினார். தென்னாட்டு வித்துவான்களும் அறிஞர்களும் வந்து கூடினர். செலவைப் பண்டிதரே ஏற்றார். அந்த அவைகளில் அவர் கருத்தை ஏற்றவர்களும் இருந்தனர். கடுமையாக மறுத்தவர்களும் இருந்தனர். மறுத்தவர்களையும் அழைத்து, உபசரித்து, அவர்கள் சொல்வதையும் கேட்டார். இதுவே பெரிய மனம் அல்லவா?

1916-இல் பரோடா நகரில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு நடந்தபோது பண்டிதர் அங்கே சென்று தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். பேச்சு மட்டும் போதாது என்று, தம் புதல்வியர் மரகதவல்லியையும் கனகவல்லியையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். தந்தை சொன்ன சுருதி நுட்பங்களை அந்தப் பெண்கள் நாடெங்கிலுமிருந்து வந்த பண்டிதர்கள் நிறைந்த அவையில் இசைத்துக் காட்டினர். தந்தை வீட்டில் சொல்லித்தந்த பாடம், நாட்டின் மிகப் பெரிய இசை அவையில் சாட்சியாய் நின்றது. சிறுவயதில் முறையாகக் கற்ற இசை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரு நூலும் நிறைவும்

1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்த நூல், தஞ்சையில் அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சானது. இளமையில் திண்டுக்கல்லில் ஆசைக்குக் கற்ற அச்சுத் தொழில் முதுமையில் கைகொடுத்தது. கற்ற எதுவும் வீண்போவதில்லை!

அந்நூலில் உள்ள எல்லாவற்றையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கடலில் மூழ்கிய பெரிய தென்கண்டம் பற்றி அவர் எழுதியவற்றை இன்றைய நிலவியல் ஒப்புக்கொள்வதில்லை. சுருதிக் கணக்கில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பழந்தமிழ் நூல்களில் ஓர் இசை இலக்கணம் புதைந்து கிடக்கிறது என்று காட்டி, அதைத் தோண்டியெடுக்க வழி திறந்தவர் அவர் என்பதை மறுப்பார் இல்லை.

1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள், அறுபதாவது வயதில் பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். எழுதி முடித்து அச்சேறாமல் இருந்த அவரது நூலின் இரண்டாம் பகுதி, 1946-இல் மகள் மரகதவல்லியின் முயற்சியால் வெளிவந்தது. தந்தையிடம் வீணை கற்ற மகள் தந்தையின் ஏட்டைக் காப்பாற்றிக் கொடுத்தாள்.

அவர் இட்ட விதை முளைத்தது. 1929-இல் அண்ணாமலை மன்னர் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1940-களில் தமிழிசை இயக்கம் பேரியக்கமாய் எழுந்தது; 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. நம் கிழக்கு மண்ணில் காரைதீவில் பிறந்து, திருக்கோணமலையிலும் பாடசாலைகளை நடத்திய சுவாமி விபுலாநந்தர், பல்லாண்டு உழைத்து யாழ் நூலை 1947-இல் அரங்கேற்றினார். பழந்தமிழ் இசை ஆராய்ச்சி என்னும் அதே வயலில், தஞ்சைப் பண்டிதர் உழுதார். மட்டக்களப்புத் துறவியும் உழுதார்.

நமக்கு என்ன பாடம்?

சிறுவர்க்கு இசை சொல்லித்தருவதில் அக்கறை கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிதோ என்னும் துறவி, பாடகச் சிறுவர்கள் ஒவ்வொரு பாட்டையும் கேட்டுக் கேட்டு மனனம் செய்ய ஆண்டுக்கணக்காகத் துன்புறுவதைக் கண்டார். புனித ஸ்நாபக அருளப்பர் பாடல் ஒன்றின் அடிகளுடைய முதல் அசைகளைக் கொண்டு சுரங்களுக்குப் பெயர் வைத்து, கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையையும் செம்மைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டின் இசைமேதை கோடாய், குழந்தையின் இசைக் கல்வி அதன் தாய்மொழி நாட்டுப் பாடல்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தார். 1950-இல் அந்நாட்டின் கெச்கெமேத் நகரில், நாள்தோறும் இசை கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலை தோன்றியது. கோடாய் தம் நாட்டில் கண்ட உண்மையைப் பண்டிதர் நம் நாட்டுப் பக்கத்தில் அவருக்கு முன்னரே கண்டிருந்தார்.

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கு இது புரியாத செய்தியும் அன்று. நம் பாட்டன் பாட்டிமார் ஆலயத்தில் இலத்தீன் மொழியில் பாடினார்கள். பக்தி இருந்தது, பொருள் தெரிந்தவர் சிலரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டுச் சாசனத்தின் மூலம் தாய்மொழிக்கு வழி திறந்தபோது, ஆலயம் முழுவதும் வாய் திறந்து பாடத் தொடங்கியது. புரிந்து பாடுவதன் இன்பத்தை அந்தத் தலைமுறை அனுபவித்து அறிந்தது. நம் சபையைச் சேராத சகோதரராகிய பண்டிதர், சங்கீதப் பாடத்தில் அதே வாசலை அரை நூற்றாண்டுக்கு முன்பே திறந்து வைத்தார்.

இன்று நம் பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காகப் பாடுகிறார்கள். பாடசாலைப் போட்டிக்காகப் பாடுகிறார்கள். நல்லதுதான். அயல்மொழிக் கீதங்களையும் அவர்கள் கற்கட்டும். அவை நம் முன்னோர் சேர்த்துவைத்த செல்வம். ஆனால் கற்பிக்கும்போது பொருளைச் சொல்லிவிட்டுக் கற்பியுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அவற்றோடு ஒரு தமிழ்க் கீதத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். சின்னஞ்சிறு தொண்டையைப் பெரியவர் சுருதிக்கு இழுத்து வருத்தாதீர்கள். பிள்ளைக்கு இதமான சுருதியில் பாட விடுங்கள். ஒரு வரிசை சரியாக வரும்வரை அடுத்ததற்கு ஓடாதீர்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கீதம் நமக்கு எட்டாதது, பணக்காரருக்கு உரியது என்று எண்ணிப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். சாம்பவர் வடகரையில் பிறந்த அந்த எளிய பிள்ளைக்கும் இசை எட்டாததாகத்தான் இருந்திருக்கும். கையில் ஒரு பிடிலைக் கொடுத்துச் சொல்லித்தர ஓர் ஆசான் கிடைத்தார், அவ்வளவே. நம் வீட்டுத் தாலாட்டும், இரவுச் செபத்தின் முடிவில் குடும்பமாகச் சேர்ந்து பாடும் பாட்டும் பிள்ளையின் முதற் பாடங்கள். அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

அன்புவழிபுரத்து விறாந்தையில் பாடும் சிறுமியிடம் அடுத்த முறை பாட்டின் பொருளைக் கேளுங்கள். அவள் விழிக்காமல், சிரித்துக்கொண்டே சொன்னால், ஆபிரகாம் பண்டிதரின் உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழலாம்.